எங்கள் தெருச் சாக்கடையும் இரண்டு தலைவர்களும்

1

நான் கரூருக்கு வரும்போதெல்லாம் நீங்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அங்கே ராஜா ஆட்சியாமே, எப்படி இருக்கிறது?" நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பதில் சொல்லத் தொடங்குவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிடும். இந்தப் புரட்டாசியோடு நான் மைசூருக்குக் குடிவந்து முப்பத்தெட்டு வருஷம் நிறைகிறது. இனி எத்தனை தடவை ஊர்ப்பக்கம் வருவேனோ தெரியாது. ஆகவே எழுதியே சொல்லிவிடுகிறேன்.

ராஜா ஆட்சி நன்றாக இருக்கிறது. ராஜாவைப் பற்றி இங்கே யாரும் சண்டை போடுவதில்லை. சண்டையெல்லாம் நகரசபைத் தலைவர்களைப் பற்றி. அதிலும் ஒரு விசித்திரம். இப்போது நாற்காலியில் இருப்பவரைப் பற்றிய பேச்சு குறைவு. எழுந்து போனவரைப் பற்றித்தான் அதிகம்.

முந்தின தலைவர் நம் பக்கத்துக்காரர். தமிழ் பேசுகிறவர். நாலு வருஷம் முன்பு பதவி முடிந்து சென்னைக்குப் போய்விட்டார். இப்போதைய தலைவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். எங்கள் தெருவில் பதினேழு வீடு. எட்டு வீடு முந்தினவர் கட்சி, ஏழு வீடு இப்போதையவர் கட்சி. ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சமுள்ள ஒரு வீட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் தெருக் கொய்யா மரம் இனிப்பாகக் காய்த்தால், முந்தினவர் கொண்டுவந்த குழாய்த் தண்ணீர்ச் சத்து என்பார்கள் எட்டு வீட்டார். பழத்தில் புழு இருந்தால் இப்போதையவரின் கவனக்குறைவு. ஏழு வீட்டாரைக் கேட்டால், புழு முந்தினவர் காலத்து முட்டையிலிருந்து வந்தது, இனிப்பு இப்போதையவர் வந்த பிறகு. மரத்தை நட்டவர் யார் என்று நான் ஒருநாள் கேட்டேன். இரண்டு பக்கமும் என்னை முறைத்தார்கள்.

நம் ஊரில் அமராவதி பெருகி வீட்டுக்குள் வந்தால் நாம் ஆற்றைத் திட்டுவோம். பெண்கள் மண்ணை வாரித் தண்ணீரில் வீசுவார்கள். மறுநாள் அதே ஆற்றில் துணி துவைப்பார்கள். ஜில்லா போர்டுத் தலைவர் யார் என்று என் அப்பாவுக்குத் தெரியாது. இது நல்லதென்று சொல்லவில்லை. தெரிந்திருந்தால் கரையை உயர்த்திக் கட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் தெரிந்துகொண்ட இடத்திலும் கரை உயரவில்லை என்பதை இங்கே பார்த்தேன்.

2

நான் ரயில்வேயில் சரக்கு குமாஸ்தாவாக இருந்தவன். மைசூரிலும் நஞ்சன்கூட்டிலும் கொட்டகையில் மூட்டை எண்ணியே காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் கண் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும். "எங்கப்பா சாதத்தையும் எண்ணித்தான் சாப்பிடுவாரு" என்று என் மகன் தண்டபாணி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

தண்டபாணி இங்கே பிறந்தவன். இங்கே ஓர் ஆபீஸில் கணக்கெழுதுகிறான். அவன் "நம்ம ஊர்" என்றால் அது மைசூர். நான் "நம்ம ஊர்" என்றால் கரூர். இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து இரண்டு ஊரைப் பேசுகிறோம். பேத்தி என்னிடம் கன்னடத்தில் கேட்பாள், நான் தமிழில் சொல்வேன். அவள் அம்மா நடுவில் நின்று மொழிபெயர்ப்பாள். என் கன்னடமோ, முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகும் கடைக்காரனிடம் விலை கேட்டால் அவன் தமிழில் பதில் சொல்லுகிற அளவில்தான் இருக்கிறது.

மகன் இப்போதையவர் கட்சி. நான் முந்தினவர் கட்சி. எதனால் என்று நீங்கள் கேட்கலாம். குழாய்க்காக அல்ல, சாக்கடைக்காகவும் அல்ல. ஒருமுறை அவர் சரக்குக் கொட்டகைக்கு ஏதோ காரியமாக வந்தார். நான் மூட்டை எண்ணும் சத்தத்தைக் கேட்டு நின்றார். ஒன்று, இரண்டு என்று தமிழில்தான் எண்ணுவேன். "எந்த ஊர்?" என்று கேட்டார். "கரூருங்க" என்றேன். "அமராவதியில் தண்ணீர் வருகிறதா?" என்றார். "ஆடியில் வந்ததுங்க" என்றேன். தலையசைத்துப் போய்விட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் காலத்தில் போட்ட ஒவ்வொரு கல்லும் எனக்கு நேராகவே தெரிந்தது.

3

எங்கள் தெரு மேற்கிலிருந்து கிழக்கே சரிவாக இறங்கிப் பெரிய சாலையைத் தொடும். வடக்கு ஓரமாக ஒரே ஒரு கல் சாக்கடை. கிழக்கு முனையில் அது ஒரு பலகைக் கல்லுக்கு அடியில் புகுந்து, சாலைச் சாக்கடையில் சேரும். அந்த முனையில் உள்ள கடைசி வீடு, நான் மிச்சம் வைத்த அந்த ஒரு வீடு, நேசம்மாவுடையது.

நேசம்மா கொள்ளேகாலம் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் பேத்தியைக் கையில் வாங்கியவள் அவள்தான். அவள் பேச்சு நம் பேச்சுக்குப் பக்கத்துப் பேச்சு; காது குளிரும். புருஷன் ஞானமுத்து பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்தவர். பாரிசவாயு வந்து ஒரு பக்கம் விழுந்து, கட்டிலோடு இருக்கிறார். கட்டில் கிடப்பது சாக்கடை ஓரத்துச் சுவரையொட்டி. வேறு இடம் அந்த வீட்டில் இல்லை. சுவர் மண் சுவர்.

சென்ற வருஷ மழையில் சாக்கடைத் தண்ணீர் வெளியே போகாமல் எதிர்த்து அவள் வீட்டுக்குள் வந்தது. கட்டில் கால்களுக்கு ஒரு செங்கல் வைத்தாள். இந்த வருஷம் ஆவணியில் இரண்டாவது செங்கல் வைத்தாள். அப்போதுதான் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க இங்கிலீசு படிச்சவங்க. ஒரு மனு எழுதிக் குடுங்க. சொவரு ஊறிப் போச்சுங்க. விரலு வச்சா உள்ள போகுது. இவரு படுத்திருக்கிற பக்கமே சாயுதுங்க."

"சாக்கடையை யாராவது பார்த்தார்களா?"

"பாக்கறதுக்கு வந்தாங்க. நம்ம தெரு ஐயங்கார் சாமி வந்து, இது இப்பத்திய பிரெசிடெண்டு பண்ணின அநியாயம்னாங்க. வெல்லமண்டி பசப்பா வந்து, இது பழைய பிரெசிடெண்டு பண்ணின அநியாயம்னாங்க. ரெண்டு பேரும் காப்பி குடிச்சாங்க. தண்ணி அங்கயேதான் நிக்குது."

போய்ப் பார்த்தேன். சுவரில் ஈரம் இடுப்புயரத்துக்கு ஏறியிருந்தது. ஞானமுத்து வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தார். "கப்பல்ல இருக்கேன்" என்றார்.

4

மனுவுக்குத் தெருவார் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீட்டார் மனு என்றால் காகிதக் கட்டுக்குள் கிடந்து தூசி படியும். தெரு மனு என்றால் ஆள் வரும். இது ஆபீஸ் வாழ்க்கையில் நான் கண்டது. ஆகவே முதலில் முந்தினவர் கட்சிக்குத் தலைவரான திருநாராயணையங்காரிடம் போனேன். மேல்கோட்டைக்காரர். சமஸ்கிருதப் பண்டிதராக இருந்தவர். இருபது வருஷமாகக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் என்னோடு நடப்பவர்.

என் மனுவின் முதல் வாக்கியம் இது: "எங்கள் தெருச் சாக்கடையில் தண்ணீர் போகவில்லை."

ஐயங்கார் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன பிள்ளைவாள், இதுலே விஷயமே இல்லையே! 'முந்தின தலைவர் அரும்பாடுபட்டு அமைத்த சாக்கடை இப்போது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது' அப்படின்னு ஆரம்பியும். அவர் இருந்தா இப்படி நடக்குமா? நீர்கூட அவர் மனுஷர்தானே!"

எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அப்படியே மாற்றி எழுதிக்கொண்டு வெல்லமண்டி பசப்பாவிடம் போனேன். இந்த ஊர்க்காரர். வியாபாரத்தில் கற்ற தமிழ். இப்போதையவர் கட்சி அவர் கல்லாவுக்குப் பின்னால்தான் கூடும். என் மகனும் மாலையில் அங்கேதான் இருப்பான், அன்றும் இருந்தான்.

"நோடி ஸ்வாமி, இதைப் பாருங்க," என்றார் பசப்பா, மனுவை ஈ ஓட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டு. "இதுலே கையெழுத்துப் போட்டா நம்ம பிரெசிடெண்டு மொகத்தை நான் எப்படிப் பாக்கிறது? சாக்கடை கட்டினது யாரு? உங்க ஆளு. சரிவு பாக்காம கட்டிட்டு ரயில் ஏறிட்டாரு. 'முந்தின காலத்தில் அவசரமாகக் கட்டிய சாக்கடையை இப்போதைய தலைவர் கருணையால் சீர்திருத்த வேண்டும்' அப்படி எழுதுங்க. இப்பவே போடறேன்."

"அது நல்லா இருக்குப்பா," என்றான் தண்டபாணி.

"உனக்கு நன்றாகத்தான் இருக்கும்," என்றேன்.

"சும்மனே கோபப்படாதீங்கப்பா. மனசைத் தொட்டுச் சொல்லுங்க, பழையவர் கட்டினதுலே கோளாறே இல்லையா?"

"உன்னுடையவர் வந்து நாலு வருஷமாகிறதே, இன்னும் பழையவர் கோளாறா?"

"பழையவர் நல்லது பண்ணினா இன்னிக்கும் அவர் நல்லது. கெட்டது பண்ணினா மட்டும் நாலு வருஷத்துலே தீர்ந்துடுமா?"

பசப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதே நியாயத்தைத் திருப்பிப் போட்டால் எனக்கும் பொருந்தும் என்றுதான் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். நன்மை என்றால் விதைத்தவனுக்கு, தீமை என்றால் அறுத்தவனுக்கு என்று நம் ஆளுக்கு ஒரு தராசு. மற்றவனுக்கு அதையே தலைகீழாகப் பிடிக்கிறோம். சரக்குக் கொட்டகையில் இப்படி இரண்டு தராசு வைத்திருந்தால் என்னை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கடைசியில் இரண்டு மனு போயிற்று. எட்டுக் கையெழுத்தோடு ஒன்று, ஏழு கையெழுத்தோடு ஒன்று. அவை போக நேசம்மா இரண்டிலும் போட்டாள். நகரசபை ஆபீஸில் என் வயதுக்குப் பாதியுள்ள குமாஸ்தா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரே சாக்கடை. ஒரு மனுவிலே நல்லாக் கட்டினதுன்னு இருக்கு, இன்னொண்ணுலே மோசமாக் கட்டினதுன்னு இருக்கு. விசாரணை பண்ணாம எப்படி? தசராக் கூட்டம் முடியட்டும், ஓவர்சியர் வருவார்." எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நேசம்மாவிடம் சொன்னபோது அவள் முற்றத்தில் குனிந்து மூன்றாவது செங்கலுக்கு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

5

புரட்டாசி முதல் ஞாயிறு காலை. சாமுண்டி மலை தெரியாமல் மறைந்து மழை கொட்டியது. நேசம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணா, சொவரு பேசுதுங்க!" என்றாள். பேசுகிறது என்றால் விரிகிறது, உள்ளே மண் உதிரும் சத்தம் கேட்கிறது என்று அர்த்தம்.

தண்டபாணி ஓடினான். பின்னால் நான் குடையோடு. சத்தம் கேட்டு ஐயங்காரும் அவர் மருமகனும் வந்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பசப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே தண்ணீர் இரண்டு செங்கலை மூடி மூன்றாவதைத் தொட்டிருந்தது. ஞானமுத்து கட்டிலில் அப்படியே கிடந்தார். சுவரில் கூரையிலிருந்து கட்டில் வரை ஒரு வெடிப்பு.

கட்டிலோடு தூக்குவதென்று ஆயிற்று. தலைமாட்டில் தண்டபாணியும் பசப்பாவும், கால்மாட்டில் ஐயங்காரும் மருமகனும். எனக்குக் கொடுத்த வேலை குடை பிடிப்பது.

"உம்ம பக்கம் தாழறது, பசப்பா!"

"தாழாம? உங்க ஆளு கட்டின சரிவு அப்படி!"

"சரிவு இருந்தா தண்ணி போயிருக்குமே ஓய்! உம்மாளு கூட்டினாரா ஒரு நாளாவது?"

"வாசப்படி, வாசப்படி! காலைப் பாத்து!" என்று கத்தினான் என் மகன்.

ஞானமுத்து படுத்தபடியே, பழைய டிரில் வாத்தியார் குரலில் பாதியாவது வரவழைத்து, "லெப்ட்... ரைட்..." என்றார். நாலு பேரும் அதற்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள். பேச்சு நின்றது. எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டிலை இறக்கியபோது ஐயங்கார் தம் மேல்வேஷ்டியால் ஞானமுத்துவின் காலைத் துடைத்தார். பசப்பா மூச்சு வாங்கிக்கொண்டு தலையணையைச் சரி செய்தார். இந்த இரண்டு பேரையும் நான் அவ்வளவு நல்லவர்களாகப் பார்த்ததில்லை.

திரும்பிப் போவதற்குள் சுவர் விழுந்தது. கட்டில் கிடந்த இடத்திலேயே விழுந்தது. நேசம்மா ஈர மண்ணைப் பார்த்து நின்றாள். அழவில்லை. "இங்கதான் அவரு தலை இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள்.

அதைக் கேட்டதும் தண்டபாணி கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனான். ஓவர்சியரும் இல்லை, தசராவும் இல்லை. ஐயங்கார் மருமகனும் அவனுமாகப் பலகைக் கல்லை நெம்பிப் புரட்டினார்கள். இடுப்பளவு அழுக்குத் தண்ணீரில் என் மகன் இறங்கினான். அவன் சட்டை போட்டிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது, புதுச் சட்டை. கையை விட்டுத் துழாவி, "கட்டை இருக்கு" என்றான். கடப்பாரையைக் கொடுத்து அசைத்தான். ஒரு முளை வந்தது. சவுக்குக் கம்பத்தின் அடித்துண்டு. ரம்பத்தால் அறுத்த தலை. அதைச் சுற்றித் தேங்காய் நார், வாழைமட்டை, கந்தல். மறுபடி துழாவினான். "இன்னொண்ணு இருக்கு." அதுவும் சவுக்கு. பக்கத்தில் ஆப்புக் கல்.

இரண்டாவது முளை பிடுங்கியதும் சாக்கடை உறுமியது. தண்ணீர் சாலைப் பக்கம் பாய்ந்து போயிற்று. நேசம்மா வீட்டுத் தண்ணீர் நாங்கள் பார்க்கும்போதே வடிந்தது.

முதல் முளையில் ஒட்டியிருந்த கந்தல் காவி நிறம். இரண்டாவதில் மஞ்சள் காகிதம். யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முந்தின தலைவர் தெருக் குழாயைத் திறக்க வந்தபோது ஐயங்கார் கட்சி அந்த முனையில் காவித் துணி சுற்றி வரவேற்பு வளைவு கட்டியது. சாலை கெட்டியாக இருந்ததால் வடபக்கத்துக் கம்பத்தைச் சாக்கடைக்குள் நட்டார்கள். பிறகு பிடுங்க வராமல் அறுத்துவிட்டுக் கல்லை மூடினார்கள். இப்போதைய தலைவர் தெரு விளக்கு ஏற்ற வந்தபோது பசப்பா கட்சி அதே இடத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டி வளைவு கட்டியது. அதே வேலை, அதே ரம்பம்.

மழையில் இரண்டு முளையும் தெருவில் கிடந்தன. ஐயங்காரும் பசப்பாவும் குனிந்து அவற்றைப் பார்த்தார்கள்.

பிறகு ஐயங்கார் மெதுவாகச் சொன்னார்: "எங்க கம்பம் இருந்தவரைக்கும் தண்ணி போயிண்டுதான் இருந்தது. ரெண்டாவது வந்தப்புறம்தானே நின்னது?"

"உங்க கம்பம் பாதி எடத்தை அடைச்சுதே, அதைச் சொல்லுங்க," என்றார் பசப்பா.

6

தெருவார் சேர்ந்து சுவரை எழுப்பிக் கொடுத்தார்கள். கல் அடித்தளம் பசப்பா தந்தது, கூரை ஓடு ஐயங்கார் தந்தது. இதில் எது முக்கியம் என்று இன்னும் பேச்சு நடக்கிறது. இரண்டு முளைகளையும் நேசம்மா காயவைத்து ஞானமுத்துவுக்கு வெந்நீர் போட்டாள். "எந்தக் கட்சிக் கட்டை நன்றாக எரிந்தது?" என்று கேட்டேன். "ரெண்டும் பொகைங்கண்ணா," என்றாள். "கண்ணு எரிஞ்சு போச்சு."

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். தசரா முடிந்து ஓவர்சியர் வந்தார். சாக்கடையில் தண்ணீர் ஓடுவதைக் கண்டு, சீராக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். உடனே பசப்பா கட்சி, சாக்கடையைச் சீர்திருத்திய தலைவருக்கு நன்றி சொல்ல ஒரு கூட்டம் என்றது. ஐயங்கார் கட்சி, கட்டியவர் பெயர் இல்லாமல் கூட்டமா என்றது. முடிவில் வளைவில் இரண்டு பெயரும் எழுதுவதென்று ராஜி ஆயிற்று. தெருவில் இரண்டு கட்சியும் கூடிப் பேசி ஒத்துக்கொண்டு செய்த முதல் காரியம் அந்த வளைவு.

கூட்டத்தன்று காலை வண்டியில் சவுக்குக் கம்பங்கள் வந்து இறங்கின. நான் பலகாரம் எதுவும் வாயில் போடாமல் வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். பலகைக் கல்லின் மேல் போட்டு உட்கார்ந்தேன்.

"எழுந்திருங்க ஸ்வாமி, கம்பம் நடணும்," என்றார் பசப்பா.

"நடுங்கள். மண்ணெண்ணெய் டின்னில் மண்ணைப் போட்டு நடுங்கள்."

"டின்னுலே நட்டா ஆடுமே! பிரெசிடெண்டு தலையிலே விழுந்தா?"

"நேசம்மா வீட்டுச் சுவரும் ஆடித்தான் விழுந்தது."

ஐயங்கார் வந்து காதோடு சொன்னார். "பிள்ளைவாள், நம்மவர் பேரும் வளைவுலே இருக்கு. கொஞ்சம் நகரும்."

"அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்," என்றேன். அது அவருக்கு விளங்கவில்லை. என் ஆள் அமராவதியில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டவர். அவர் பெயரால் மறுபடியும் ஒரு தண்ணீர் நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தண்டபாணி வந்தான். கூட்டாளிகள் முன்னால் என்னை எழுந்திருக்கச் சொல்லுவான் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். பிறகு பசப்பாவின் மண்டிக்குப் போய் நாலு டின்களைத் தூக்கி வந்து மண்ணை அள்ளிப் போடத் தொடங்கினான்.

சாயங்காலம் தலைவர் வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கம்பத்தை டின்னிலிருந்து சாக்கடைக்கு மாற்ற ஒரு நிமிஷம் போதும் என்பது எனக்குத் தெரியும். தலைவர் முகத்தில் ஒரு சுளிப்பு வந்து போயிற்று. என் மகன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, முதுகுக் கட்டையில் கை வைத்துக்கொண்டு, "வயசானவரு, முழங்கால் வலி," என்று கன்னடத்தில் சொன்னான். எனக்கு முழங்கால் வலி இல்லை.

சாக்கடை ஓடுவதற்கு இப்போதைய தலைவர் காரணம் என்றார் ஒருவர். முந்தின தலைவர் காரணம் என்றார் இன்னொருவர். எதிரே புதுச் சுவரில் தாழ்வாக வைத்திருந்த ஜன்னல் வழியாக ஞானமுத்துவின் கட்டில் தெரிந்தது. கட்டில் கால்களுக்குக் கீழே பார்த்தேன். செங்கல் ஒன்றும் இல்லை.

இரண்டு பேச்சுக்கும் நான் கை தட்டினேன், உட்கார்ந்தபடியே.